ராணிக்கு மீசை

பண்ணையில் அவருக்குத் தரகர் என்று பெயர். கல்யாணத் தரகு எதுவும் பார்த்தவர் இல்லை. ஹாலிச் செடிகளுக்கு ஜோடி சேர்த்துவிடுவார், அவ்வளவுதான்.

ஹாலியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் தடவித் துடைத்தது போல இலை. இலை ஓரமெல்லாம் முள். குளிர் காலத்தில் மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது இது மட்டும் பச்சையாக நின்று, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம் காட்டும். பழம் பார்க்கத்தான், வாயில் போட்டால் வயிற்றைப் புரட்டிவிடும். பறவைகளை மட்டும் ஒன்றும் செய்யாது. இதில் ஒரு வம்பு என்னவென்றால், ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண்தான் காய்க்கும். ஆனால் கூப்பிடு தூரத்தில் ஆண் ஒன்று இருந்தால்தான் காய்க்கும். இது தெரியாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

"நல்லா பழம் பிடிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு குடுங்க. இடம் இல்லை" என்பார்கள்.

"ஒண்ணை வச்சா அது உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கும்" என்பார் தரகர். "ஒத்தையில குடும்பம் நடக்குமா? ரெண்டா எடுங்க. பக்கத்துலயே வைக்கணும்னு இல்லை, பின்பக்கமா எங்கயாவது வையுங்க. தேனீ பார்த்துக்கும்."

"இதுல எது ஆம்பளை, எது பொம்பளைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல அவர் முகம் மலரும். பூத்திருக்கும் காலமாக இருந்தால் ஒரு கிளையை வளைத்துக் காட்டுவார். மிளகு அளவு வெள்ளைப் பூ. நடுவில் பச்சையாக ஒரு சின்னக் குண்டு உட்கார்ந்திருந்தால் பெண். குண்டு இல்லாமல், மஞ்சள் நுனியோடு நாலு நூல் விறைத்துக்கொண்டு நின்றால் ஆண். "மீசை இருந்தா ஆம்பளை. இதுக்கு மேல என்ன படிப்பு வேணும்?" என்பார்.

அந்தப் பண்ணைக்கு அவர் வந்தது மண் மூட்டை இறக்கத்தான். லாரியில் வந்த ஆள். அன்றைக்குப் பதியன் கொட்டகையில் இருந்தவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கத்தரித்து வந்த ஹாலிக் கிளைகள் ஈரச் சாக்குக்குள் கிடந்தன, காய்ந்தால் வீண். முதலாளி லாரியைப் பார்த்தார், கிளைகளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "கத்தி பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். லாரி அவரை விட்டுவிட்டுப் போனது. அப்புறம் அந்த லாரி எத்தனையோ முறை வந்து போனது, இவர் ஏறவில்லை.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும். பென்சில் நீளத்துக்குக் கிளையை வெட்டி, கீழ் இலைகளை உருவி, அடியில் ஒரு பக்கம் பட்டையைச் சீவி, சீக்கிரம் வேர் விடுவதற்கான வேர் மாவில் தொட்டு மணல் தட்டில் நட வேண்டும். மேலே பாலிதீன் மூடி. பிறகு காத்திருப்புதான். குளிர் முழுக்க அது செத்ததா பிழைத்ததா என்றே காட்டாது. விதை போட்டால் இன்னும் மோசம். ஒரு குளிர் காலம் போய் இன்னொன்றும் போகிற வரைக்கும் மண்ணுக்குள் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துக்கிடக்கும்.

கையுறை போட்டாலும் முள் ஏறும். பச்சை இலையை விடக் காய்ந்த இலைதான் பொல்லாதது. தரையில் கிடந்து, ஞாபகம் வைத்திருந்து குத்தும். வந்த புதிதில் ஒரு முள் அவர் கட்டைவிரலுக்குள் போய் முறிந்துகொண்டது. தொட்டி நிரப்பும் கொட்டகையில் ஒரு பெண் இருந்தாள். தலைத்துணியில் எப்போதும் ஒரு ஊசி குத்தி வைத்திருப்பாள். "கையைக் காட்டுங்க" என்றாள். காட்டினார்.

"லாரி ஆளுன்னாங்க. இப்படி நடுங்குறீங்க?"

"ஊசின்னா கொஞ்சம் ஆகாது."

"முள்ளு ஆகும், ஊசி ஆகாதா? நல்ல ஆளு."

அதற்குப் பிறகு அவருக்கு அடிக்கடி முள் ஏறியது. வேண்டுமென்றே ஏற்றிக்கொண்டார் என்று பண்ணையில் பேச்சு. அவர் மறுத்ததில்லை. அந்தப் பெண்தான் பிறகு அவர் வீட்டுக்காரி ஆனாள். கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்தது ஒரு இரும்புப் பெட்டியும் ஒரு தம்பியும். அப்பா அம்மா இல்லாத குடும்பம். தம்பியை வளர்த்தது அக்காதான். தம்பி பஸ் டிப்போவில் வேலை பழகிக்கொண்டிருந்தான். முன்னறையில் அவனுக்கு ஒரு கட்டில் போட்டார்கள்.

அந்த வருஷங்களை இப்போது நினைத்தாலும் தரகருக்கு வாசனையோடுதான் வரும். ஈர மணலும், வேர் மாவும், தம்பியின் சட்டையிலிருந்து கிரீஸும். தெருமுனை திரும்பும்போதே அவன் சைக்கிள் மணியை ரெண்டு தட்டு, விட்டு ஒரு தட்டு தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா தட்டை எடுத்து வைப்பாள். அவன் உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போது தட்டில் ஆவி பறக்கும். பக்கத்து வீட்டு மணியும் அப்படித்தான் அடிக்கும், அதற்கு அவள் அசைய மாட்டாள்.

சாப்பிடும்போது மாமனும் மச்சானும் அடிக்கிற கூத்தில் அவளால் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஹாலிகளுக்கு உறவுமுறைப் பெயர் வைத்தது அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான். அட்டையில் எழுதி வருகிற பெயர் பண்ணையில் யார் வாயிலும் நுழையாது. அதனால் இவர்கள் வைத்தது நிலைத்துவிட்டது.

இலை ஓரமெல்லாம் முள்ளாக, வழக்கமாக வேலிக்கு வைக்கிற ஹாலி இருக்கிறதே, அது மாமியார். கிட்டப் போனால் குத்தும். ஆனால் வயதான மரத்தில் உச்சி இலைகளைப் பார்த்தால் முள்ளே இருக்காது, வழவழவென்று இருக்கும். "எட்ட இருந்தா நல்ல மனுஷி" என்பான் மச்சான். சீனத்திலிருந்து வந்தது சித்தி. இலை பெட்டி மாதிரி சதுரமாக, மூலைக்கு மூலை கொம்பு வைத்திருக்கும். சித்தியில் ஒரு ரகம் ஆண் செடியே இல்லாமல் தன்பாட்டுக்குக் காய்க்கும். "சித்திக்கு யார் தயவும் வேண்டாம்" என்று விற்பார் தரகர். ஜப்பானிலிருந்து வந்தது ஒன்றுவிட்ட தம்பி. பொடி இலை, முள் கிடையாது, பழம்கூடக் கறுப்பு. குடும்பச் சாயல் துளியும் இல்லை. இவனைப் பார்த்து ஹாலி என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். இன்னொன்று தென் அமெரிக்கா பக்கத்து ரகம், அதன் இலையைப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிப்பார்களாம். அதற்கு டீக்கடை மாமா என்று பெயர். குளிர் ஆகாது என்று அதை மட்டும் கூரைக்குள் வைத்திருந்தார்கள். ஒரு நாள் மச்சான் இலையைப் பறித்துக் காய்ச்சிக் குடித்துவிட்டு, "கடையை மூடச் சொல்லுங்க" என்றான்.

குளிரில் இலையெல்லாம் கொட்டி, வெறும் குச்சியில் பழம் மட்டும் நிற்கிற ரகம் மொட்டைப் பெரியப்பா.

"பெரியப்பா எப்படிங்க காய்ப்பாரு?" என்று அவர் வீட்டுக்காரி கேட்டாள்.

"அது செல்லப் பேருடி. பேருக்கும் ஆளுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் தரகர்.

அன்றைக்கு அவர் சொன்ன அந்த வார்த்தையை அவரே காதில் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

பிறகுதான் தங்க ஜோடி வந்தது. பச்சை இலைக்கு மஞ்சள் கரை போட்டது போல, வெயில் பட்டால் நகைக்கடை மாதிரி மின்னுகிற ரகம். ரெண்டு தாய்ச்செடிகள் வந்தன. இரண்டிலும் அட்டை கட்டியிருந்தது. முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்: "கோல்டன் கிங். கோல்டன் குயீன்."

"அப்போ இவன் ராஜா, இவ ராணி" என்றார் தரகர். வேலை முடிந்தது. மற்ற ரகத்தையெல்லாம் பூவை விரித்து மீசை தேடியவர், இந்த ரெண்டையும் மட்டும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பேரே சொல்லுகிறதே, பூவை எதற்குப் பார்க்க வேண்டும்? பார்க்க நினைத்தாலும் பூ இருந்திருக்காது. பதியனுக்காகத் தாய்ச்செடிகளை வருஷா வருஷம் ஒட்ட வெட்டிவிடுவார்கள். பூக்க அவற்றுக்கு நேரம் ஏது? குட்டிச் செடிகளோ முழங்கால் உயரத்திலேயே ஜோடி ஜோடியாக விற்றுப்போகும். ஜோடியாகப் போனால் எங்கேயும் காய்க்கத்தானே செய்யும். யாரும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை.

மச்சானுக்குக் கல்யாணம் ஆகி, டிப்போவுக்குப் பின்னால் ஒரு தெருவில் தனி வீடு பார்த்துப் போனான். பெண் தையல்காரி. ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு, வாயில் குண்டூசியோடு பேசுகிற ஆள். அந்த ஊசி விழவே விழாது. "தையலு" என்றுதான் தரகர் அவளைக் கூப்பிடுவார். அவளுக்கு ஜன்னலைத் திறந்தால் ஏதாவது பசுமையாகத் தெரிய வேண்டும். தரகர் யோசித்து, தன் மணல் தட்டிலேயே நன்றாகத் தழைத்த ஒரு ராணியைக் கொண்டுபோய் ஜன்னலுக்கு எதிரே நட்டார்.

"ஒண்ணுதானா மாமா? ஊருக்கெல்லாம் ஜோடின்னு சொல்லுவீங்க" என்றான் மச்சான்.

எதிர்வீட்டில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் இருந்தார். அவர் வேலி நெடுக மாமியார். தரகர் அதைக் காட்டினார். "இத்தனை பேர் வரிசையா நிக்கிறாங்க, அதுல ஒரு ஆம்பளை இல்லாமலா போகும்? பொம்பளையைக் கொண்டாந்து வச்சிருக்கேன். ரெண்டு மூணு வருஷம் பொறு. ஜன்னல் முழுக்கச் சிவப்பா இருக்கும்."

"கேட்டுக்க," என்றான் மச்சான் தன் மனைவியிடம், பெருமையாக. "ஹாலி விஷயத்துல எங்க மாமா வாயிலேருந்து தப்பு வராது."

ராணி நன்றாக வளர்ந்தது. பூத்தது. பழம் மட்டும் பிடிக்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. வீட்டிலும் விசேஷம் எதுவும் இல்லை. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அந்தக் குடும்பத்தில் அந்த நாகரிகம் இருந்தது. தெருவில் இருக்கிறவர்களுக்கு அது இருக்க வேண்டுமே. போகிற வருகிற பெண்கள் செடியைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், ஒரு 'ச்சு' கொட்டிவிட்டுப் போவார்கள்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

தரகர் வீட்டில் எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பண்ணையிலிருந்து லோடு இறக்குகிற ரெண்டு ஆட்களும் வந்திருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றி ராணியிடம் வந்தது. தையல்காரிதான் விளையாட்டாக ஆரம்பித்தாள்.

"அண்ணே, உங்க ராணி இந்த வருஷமும் ஏமாத்திட்டா. ஒரு பழம் கிடையாது."

தரகர் வாய் நிறையச் சோற்றோடு சொன்னார்: "ராணி மேல குத்தம் சொல்லாதம்மா. ராஜா சரியில்லைன்னா அவ என்ன பண்ணுவா, பாவம்."

எதிர்வீட்டு வேலியைத்தான் அவர் சொன்னார். லோடு ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் மச்சான் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். தரகரும் சிரித்தார், தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. சிரித்து முடித்து நிமிர்ந்தபோது மச்சானின் தட்டு பாதிச் சாப்பாட்டோடு கிடந்தது. குழாயடியில் அவன் கை கழுவுகிற சத்தம் கேட்டது. தையல்காரி தலையைக் குனிந்தபடி எழுந்து அவன் பின்னாலேயே போய்விட்டாள்.

என்ன நடந்தது என்று தரகருக்கு ராத்திரிதான் தெரிந்தது. அந்த வாரம்தான் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்திருந்தார்கள். குறை அவனிடத்தில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவன் அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தான். "மாமாவுக்குத் தெரிய வேண்டாம்க்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவளும் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்து, ஆட்கள் போன பிறகு, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதபோதுதான் சொன்னாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி" என்றார் தரகர்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியணுமே."

மறுநாள் அவள் போனாள். வாசலிலேயே அவன் கேட்டுவிட்டான். "நீ சொல்லாம மாமாவுக்கு எப்படித் தெரியும்க்கா? எப்படித் தெரிஞ்சு அப்படிச் சொன்னாரு?"

"அவரு செடியைச் சொன்னாருடா."

"எந்தச் செடி எப்போ காய்க்கும், எது காய்க்காதுன்னு தெரியாதவரா அவரு? மூணு வருஷமா காய்க்காத ஒண்ணைக் கொண்டாந்து என் வாசல்ல நட்டு வச்சு, வேடிக்கை பார்த்து, ஆளுங்களைக் கூட்டி வச்சுச் சிரிக்கிறாரு. நீ எடுத்துக் குடுத்த வார்த்தைதானே அது?"

வளர்த்த பிள்ளையிடம் அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தாள். தரகர் போய்ப் பார்த்தார், கதவு திறக்கவில்லை. இன்னொரு நாள் டிப்போவுக்குப் போனார். பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தவன் வெளியே வரவேயில்லை. அதோடு விட்டுவிட்டார். அவருக்கும் ரோஷம் இருந்தது. "ஒரு சிரிப்புக்கு இவ்வளவா?" என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதையும் சொல்வதில்லை.

வருஷங்கள் போயின. முன்னறைக் கட்டில் மேல் மடித்த துணி ஏறியது. தெருமுனையில் எந்த மணி அடித்தாலும் அவர் வீட்டுக்காரியின் கை ஒரு நொடி நிற்கும்; பிறகு தன் வேலையைப் பார்க்கும். சாப்பாட்டு நேரத்தில் அவள் அதிகம் பேசுவதில்லை. ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. அந்த நிம்மதி அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

போன குளிரில்தான் ஒரு அம்மா வந்தார். பிரசவம் பார்க்கிற நர்ஸ், ஊரில் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவர். நல்ல உடம்பு, நல்ல குரல். கொட்டகை வாசலில் நின்று, "யாருய்யா இங்க தரகர்?" என்றார்.

"நான்தாங்க."

"உங்ககிட்ட ஒரு ராஜா ராணி ஜோடி வாங்கிட்டுப் போனேன். ஞாபகம் இருக்கா?"

"நிறையப் பேரு வாங்கறாங்கம்மா. என்ன, பட்டுப்போச்சா?"

"பட்டுப்போகலை. உங்க ராஜாவுக்குப் பிரசவம் ஆயிருக்கு."

கையில் இருந்த பையைத் திறந்து ஒரு கிளையை எடுத்து மேஜையில் வைத்தார். தங்கக் கரை போட்ட இலை. இடுக்கெல்லாம் சிவப்புப் பழம். கிளையில் இன்னும் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, தரகரே தன் கையால் 'ராஜா' என்று கிறுக்கியிருந்தார்.

"அட்டை மாறியிருக்கும்மா."

"மாறலை. ரெண்டும் எங்க வாசல்ல நிக்குது. ராணியம்மா வருஷா வருஷம் பூத்துட்டு சும்மா நிக்கிறா. ராஜாதான் மாசமா இருக்கான். என் சர்வீஸ்ல எத்தனையோ பார்த்துட்டேன், இதைப் பார்த்ததில்லை. அதான் காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

தொட்டிக் கொட்டகையே சிரித்தது. தரகரும் சிரித்து வைத்தார். அந்த அம்மா போன பிறகு கிளையைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கேயோ தூரத்தில், எந்தக் காலத்திலோ, யாரோ ஒருவன் பூவைப் பார்க்காமல் இலையின் மினுமினுப்பை மட்டும் பார்த்து ஒன்றுக்கு ராஜா என்றும் ஒன்றுக்கு ராணி என்றும் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதையே ஊர் ஊராகச் சொல்லி, இவரும் சொல்லி, இத்தனை வருஷமாகப் பெண்ணை ஆண் என்றும் ஆணைப் பெண் என்றும் ஜோடி சேர்த்திருக்கிறார். ஜோடியாகவே போனதால் குட்டு வெளிப்படவில்லை. ஒற்றையாகப் போனது ஒன்றே ஒன்று.

கிளையைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். நர்ஸம்மா சொன்னதை அப்படியே சொன்னார். அவர் வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

"அப்போ அவன் வீட்டு ஜன்னல்ல நிக்கிறது?"

"ஆம்பளை."

"ஆம்பளை எப்படிக் காய்க்கும்?"

"காய்க்காது. தலைகீழா நின்னாலும் காய்க்காது."

அவள் கிளையை வாங்கிப் பார்த்தாள். "உங்களுக்கு அது தெரியாது" என்றாள், மெதுவாக. "அன்னைக்கு உங்களுக்கு எதுவுமே தெரியாது."

"எதுவுமே தெரியாது" என்றார் தரகர். இதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஹாலியைத் தவிர அவருக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் கிடையாது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் எதுவும் சொல்லாமல் கிளையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டிப்போவுக்குப் பின்னால் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் நின்றுவிட்டார். வாட்ச்காரர் வேலி நெடுக நெருப்புப் பிடித்தது போலச் சிவப்பு. அதற்கடுத்த வீட்டிலும் சிவப்பு. மூலையில் பலசரக்குக் கடைக்குப் பின்னால் நின்ற ஒன்றிலும் சிவப்பு. நடுவில், தையல்காரி ஜன்னலுக்கு எதிரே, ஆள் உயரம் தாண்டி, தங்கக் கரை மின்ன, ஒரு பழம்கூட இல்லாமல் நின்றது ராணி. வெட்டிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தவர். அழகாகக் கத்தரித்து, அடியில் சருகு போட்டு வளர்த்திருந்தார்கள்.

வாட்ச்காரர் வேலி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தரகரை அடையாளம் தெரிந்தது. "எங்க அப்பா வச்ச வேலிங்க இது. எல்லாம் ஒரே மரத்துக் கிளை. நான் பிறந்ததுலேருந்து இதுல ஒரு பழம் பார்த்ததில்லை. இப்போ கொஞ்ச வருஷமாத்தான் இப்படிக் கொட்டுது. என்ன மாயமோ தெரியலை" என்றார்.

மாயம் எதிரே நின்றுகொண்டிருந்தது.

மிஷின் சத்தம் நின்றது. ஜன்னலில் தையல்காரி. வாயில் குண்டூசி, கழுத்தில் டேப். தலையில் நரை விழுந்திருந்தது. கதவு திறக்குமா என்று தரகர் நின்றார். திறந்தது. "வாங்கண்ணே" என்றாள்.  மச்சான் பின்கட்டிலிருந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஆள் கொஞ்சம் பருத்திருந்தான். 'உட்காருங்க' என்றுகூடச் சொல்லவில்லை.

தரகர் நின்றபடியே செய்தித்தாளைப் பிரித்தார்.

"இது ராஜா" என்றார்.

மச்சான் கிளையைப் பார்த்தான். "காய்ச்சிருக்கு."

"ஆமா. ராஜாதான் பொம்பளை. நான் அட்டையைப் பார்த்துப் பேர் சொன்னேன், பூவைப் பார்க்கலை. உங்க வாசல்ல நான் வச்சது ஆம்பளைச் செடி. வச்ச அன்னைக்கும் எனக்குத் தெரியாது, அதுக்கப்புறமும் தெரியாது. போன வாரம் ஒரு நர்ஸம்மா வந்து சொல்லித்தான் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது" என்றான் மச்சான். நம்பாத குரல்.

தையல்காரி வாயிலிருந்து ஊசியை எடுத்துத் தோளில் குத்திக்கொண்டாள். "எனக்குப் பூ தெரியும்" என்றாள். "தினம் பார்க்கிறவ நான்தானே. குட்டிக் குட்டியா வெள்ளைப் பூ. நடுவில ஒண்ணும் இருக்காது. தையல் பிரிஞ்ச மாதிரி நாலு நூல் நீட்டிக்கிட்டு இருக்கும். நுனியில மஞ்சள்."

"அதுதாம்மா மீசை."

 மச்சான் ஜன்னல் வழியாக ராணியைப் பார்த்தான். பிறகு எதிர் வேலியை.

"அதுவும் இது வேலைதான்" என்றார் தரகர். "உங்க ஆளுதான் தெருவுக்கே அப்பன்."

சொன்ன பிறகுதான் மறுபடியும் வாயை விட்டுவிட்டோமோ என்று பயந்தார். அவன் முகம் மாறவில்லை.

"செடி ஆம்பளைன்னே தெரியாத எனக்கு உன் விஷயம் எப்படித் தெரியும்? உங்க அக்கா எங்கிட்ட மூச்சு விடலை. அவளுக்கு நீ சொன்னதை அவ யார்கிட்டயும் சொல்லலை. நான் பெரிய இவனாட்டம் பேசிட்டேன். தெரிஞ்சு பேசலை, தெரியாமதான் பேசினேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

 தையல்காரிதான் பேசினாள்.

"செடி ஆம்பளையோ பொம்பளையோ, அதை விடுங்கண்ணே. தெரியாமதான் சொன்னீங்க, சரி. இவரு தட்டை வச்சுட்டு எழுந்தப்போ நீங்க சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க. அதைத்தான் நாங்க தூக்கிட்டு வந்தோம்."

 தரகர் கையில் இருந்த கிளையை மிஷின் மேல் வைத்தார்.

"அது தப்பும்மா" என்றார். "அப்பவே பின்னாடி ஓடி வந்திருக்கணும். உட்கார்ந்து மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்."

 அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். வேறு பேச்சு எதுவும் ஓடவில்லை. டிப்போ பற்றி ஒன்று, முதலாளிக்குக் கண் ஆபரேஷன் ஆனது பற்றி ஒன்று. கிளம்பும்போது மச்சான் வாசல் வரைக்கும் வந்தான்.

"தரகர்னு பேரு" என்றான், செடியைப் பார்த்துக்கொண்டு. "எத்தனை கல்யாணம் பண்ணி வச்சீங்க மாமா. மாப்பிள்ளை எது, பொண்ணு எதுன்னே தெரியாம."

"வெளியில சொல்லிடாதே. பொழப்பு போயிடும்."

அவன் சிரித்தானா இல்லையா என்று தரகர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

வீட்டுக்கு வந்தபோது விரலில் ஒரு முள் ஏறியிருந்தது. எந்த இலையில் ஏறியது என்று தெரியவில்லை. அவர் வீட்டுக்காரி கையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, ஊசியை எடுத்தாள். "எங்க போயிட்டு வந்தீங்க?" என்று கேட்கவில்லை. முள்ளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்டாள்.

"மாமான்னு சொன்னான்."

அவள் ஊசியை வைத்துத் தோண்டினாள். கொஞ்சம் அதிகமாகவே தோண்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெயில் கட்டில் மேல் இருந்த துணி மூட்டையில் விழுந்திருந்தது.

தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. சைக்கிள் இல்லை, மோட்டார் சைக்கிள். ஹாரன் ரெண்டு முறை ஒலித்தது. விட்டு ஒரு முறை.

அவள் கை நின்றது. இந்த முறை நின்றது நின்றதுதான். ஊசி அவர் விரலிலேயே நிற்க, அவள் எழுந்து உள்ளே ஓடினாள். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று.

தரகர் வாசலுக்கு வந்தார். வண்டியின் பின்னால் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும், கழுத்தில் டேப் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் இறங்கிச் செருப்பைக் கழற்றினான்.

"மாமா, விரல்ல ஊசி நிக்குது" என்றான்.

"தெரியும். உள்ள போ, ஆறிடும்" என்றார் தரகர்.